வெயில் தின்னும் கடிகாரம்

தொகாஷி எய்சாகுவுக்கு ஐம்பத்தாறு வயது. அகிதா கடலோரத்தில், பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உடனே மறந்துபோகிற ஒரு பல்கலைக்கழகத்தில், சேர்க்கைப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக எழுத்தர். இந்த முப்பத்தோரு வருடத்தில் அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, யாரையும் எதிர்க்கவில்லை. பதவி உயர்வுக்கு இரண்டு முறை அவர் பெயர் மேலே போனது, இரண்டு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஆனால் ஒரு நாளும் அவர் நேரம் தவறியதில்லை. எட்டு இருபதுக்கு வர வேண்டும் என்றால் எட்டு இருபதுக்குத்தான் உள்ளே நுழைவார். எட்டுப் பத்தொன்பதுக்கே வாசலுக்கு வந்துவிட்டால் மிச்ச ஒரு நிமிடத்தைப் பனிக்குள் நின்று தீர்ப்பார். அலுவலகத்தில் ஆளுக்கொரு பெருமை உண்டு. ஒருவர் விருந்துகளில் நன்றாகப் பாடுவார். இன்னொருவருக்கு மாமனார் நகரசபையில் இருக்கிறார். தொகாஷிக்கு நேரம். அதை எடுத்துவிட்டால் மேசைமேல் மிஞ்சுவது ஒரு தேநீர்க் கோப்பையும் மூக்குக் கண்ணாடியும்தான்.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் அமைதி கெட்டது, போன வருடம் வேறு யாரோ செய்த பிழையால். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் நுழைவுத் தேர்வில், இரண்டாம் மாடியில் ஓர் அறையின் மேற்பார்வையாளர் நாற்பது விநாடி முன்னதாகவே 'முடிந்தது, பென்சிலைக் கீழே வையுங்கள்' என்று சொல்லிவிட்டார். நாற்பது விநாடிதானே என்பவர் இந்த ஊரில் பிறந்தவராக இருக்க முடியாது. அந்த அறைப் பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர், துணைத்தலைவர், சேர்க்கைத் தலைவர் மூவரும் கறுப்புக் கோட்டில் வரிசையாக நின்று, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் இடுப்புவரை குனிந்தார்கள். எட்டு விநாடி குனிவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். துணைத்தலைவர் ஆறிலேயே நிமிர்ந்துவிட்டார். அதைக் கண்டித்து மறுநாள் தனியாக இருபத்திரண்டு கடிதங்கள் வந்தன.

எனவே இந்த வருடம் புது விதி. ஒவ்வோர் அறையிலும் இரண்டு பேரிடம் வானொலிக் கடிகாரம் இருக்க வேண்டும்: தலைமை மேற்பார்வையாளரிடம் ஒன்று, நேரம் பார்ப்பவரிடம் ஒன்று. ஃபுகுஷிமா மலைமேலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் அது. தேர்வு தொடங்குமுன் இரண்டும் விநாடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் எண் அறைக்குத் தலைமை, பேராசிரியர் நராஒகா. நேரம் பார்ப்பவர், சொல்ல வேண்டுமா, தொகாஷி.

பிரிவுத் தலைவர் இசாவா பட்டியலைப் படித்துவிட்டு, யாருக்காவது நம்பிக்கை இல்லை என்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடலாம், ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இசாவா ஒரு விஷயத்தைப் பற்றிச் சொன்னால், அதைச் செய்தவர் ஓய்வுபெறும் வரை வெட்கப்பட வேண்டியிருக்கும் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையே தொகாஷி கடைக்குப் போனார். மாற்று மின்கலம் வேண்டாம், ஒளியிலேயே சக்தி ஏற்றிக்கொள்ளும், அலை வாங்கும், லட்சம் வருடத்துக்கு ஒரு விநாடிகூடத் தப்பாத கடிகாரத்தோடு பொருத்தமாக ஓடும் என்றார் கடைக்காரர். லட்சம் வருடம் என்றதும் தொகாஷி பணத்தை எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், விநாடி முள் நொண்டியடிப்பதுபோல இரண்டிரண்டு விநாடியாகத் தாவிக்கொண்டிருந்தது. கடை இழுப்பறையில் பல மாதம் இருட்டில் கிடந்திருக்கிறது. பசி வந்தால் அது அப்படித்தான் தாவுமாம், கையேடு சொன்னது. கையேடு அறுபத்திரண்டு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: நல்ல வெயிலில் வைத்தால் ஒரு பகலில் வயிறு நிறையும், மேகமூட்டத்தில் ஜன்னலோரம் வைத்தால் எட்டு நாள், அலுவலக விளக்கொளியில் நூற்று முப்பது மணி நேரம். வயிறு நிறையாமல் அலை வாங்காது. தேர்வு தொடங்கும் சனிக்கிழமை காலைக்குள் அலுவலக விளக்கு அத்தனை மணி நேரம் எரியப்போவதில்லை.

ஜனவரியில் இந்தக் கடலோரத்தில் வெயிலை எதிர்பார்ப்பவர் ஒன்று சுற்றுலா வந்தவர், இல்லையென்றால் அப்போதுதான் ஒரு வெயில் கடிகாரம் வாங்கியவர். அந்த வாரம் சூரியன் வந்தது ஒரே ஒரு முறை, திங்கட்கிழமை முற்பகல், பதினெட்டு நிமிடம். அப்போது தொகாஷி ஒரு கூட்டத்தில் இருந்தார். அறையின் திரைகளை இழுத்து மூடிவிட்டு, போன வருடம் குனிந்த படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தொகாஷிக்கு உட்கார்ந்த இடம் சூடாகவில்லை. கோட்டுக் கையை முழங்கைவரை மடக்கிவிட்டு, எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே மணிக்கட்டைக் கொண்டுபோனார். நூலகத்தில் படிக்கிற விளக்குக்குக் கீழே கையை நீட்டிவைத்துக்கொண்டு, படிக்காத புத்தகத்தைப் புரட்டினார். படியெடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, நாற்பது தடவை பொத்தானை அழுத்தினார். ஒன்பதே முக்கால் காட்டும் கடிகாரத்தின் நாற்பது படங்கள் வந்து விழுந்தன. பிரிவின் சிக்கன விதிப்படி அவற்றின் பின்பக்கத்தை எல்லோரும் குறிப்பெழுதப் பயன்படுத்தினார்கள். மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தபோதும் மேசை விளக்கு அவர் மணிக்கட்டின்மேல் எரிந்துகொண்டே இருந்தது.

நகரத்திலேயே வெளிச்சம் அதிகமான இடம் எது என்பதைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கண்டுபிடித்தார். பேரங்காடியின் மீன் பிரிவு. மீன் பளபளக்க வேண்டும் என்பதற்காக அங்கே சூரியனுக்குப் போட்டியாக விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஐஸ்மேல் அடுக்கிய ஹத்தஹத்தா மீன்களுக்கு மேலே தொகாஷி கையை நீட்டினார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கையை எடுக்கவில்லை. ரப்பர் பூட்சு போட்ட விற்பனைக்காரம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறை நின்றுவிட்டாள்.

"சார், மீன் வேணுமா, இல்ல மீனுக்கு மணி காட்டுறீங்களா?"

வேறு வழியில்லாமல் ஆறு மீன் வாங்கினார். புதன்கிழமை எட்டு. வீட்டில் செவ்வாய் இரவிலிருந்து நான்கு வேளையும் ஹத்தஹத்தா. மகள் பிறந்த நாளிலிருந்து மனைவி மிசுஎ அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். மகள் கல்யாணமாகிச் சென்தாய் போய் நான்கு வருடமாகியும் அது மாறவில்லை. புதன் இரவுச் சாப்பாட்டில் அவள் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பா, எனக்கு மீன் போதும் என்றாள். அவரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஒவ்வொரு விநாடியாக, ஒழுங்காக, நடந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்து அலை. கடிகாரத்தை மலையின் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்துவிட்டால் பின்னிரவில் தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் குடியிருப்பு கான்கிரீட்டாலும் இரும்பாலும் ஆனது. ஃபுகுஷிமாவின் திசை பார்த்த ஜன்னல் வீட்டில் ஒன்றே ஒன்று. நோட்டுப்புத்தக அளவு. அது கழிப்பறையில் இருந்தது. அதற்கு நேர் கீழே, குளிருக்காக மின்சாரத்தில் சூடாகவே இருக்கும் கழிப்பறை இருக்கை. மின்சாதனங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அலை கலையும் என்கிறது முப்பத்து மூன்றாம் பக்கம். தொகாஷி யோசித்தார். யோசித்து இருக்கையின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்தார்.

இந்தப் பிழையை இந்த நாட்டுக்காரர் மட்டும்தான் செய்ய முடியும்; செய்துவிட்டு உயிரோடு இருப்பது அபூர்வம். வெளியே மைனஸ் ஆறு டிகிரி குளிர். விடியற்காலை ஐந்து மணிக்கு மிசுஎ அரைத்தூக்கத்தில் போய், முப்பது வருடப் பழக்கத்தில் சற்றும் சந்தேகப்படாமல் உட்கார்ந்தாள். அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு விளக்கு எரிந்தது.

தொகாஷி ஓடிப்போனார். மனைவியைத் தாண்டிக் கடிகாரத்தை எடுத்தார். பொத்தானை அழுத்தினால் விநாடி முள் நேராக ஓடி 'கிடைத்தது' என்ற குறியில் போய் நிற்க வேண்டும். நின்றது.

"அலை கிடைச்சிடுச்சு," என்றார், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"எனக்கும் கிடைச்சுது. அடியிலேருந்து உச்சந்தலை வரைக்கும்," என்றாள் மிசுஎ. பிறகு நிதானமாகச் சொன்னாள். "இங்க பாருங்கப்பா. உங்க நேரத்தோடதான் முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன். பத்து மணின்னா விளக்கு அணையணும், ஆறரைன்னா சூப் கொதிக்கணும். ஒரு வார்த்தை சொன்னேனா? நேரம் உங்களோடது. சூடு என்னோடது. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

வியாழக்கிழமை வந்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் சொல்ல வேண்டிய நாள். இசாவா அவர் மேசையைக் கடந்து இரண்டு முறை போனார். இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாக. தொகாஷி வாய் திறக்கவில்லை. இளைஞன் தகானோவின் பெயரை இசாவா பட்டியலின் ஓரத்தில், மாற்று ஆளாக, பென்சிலால் எழுதி வைத்திருப்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் முழங்கால் அளவு பனி. வண்டி வெளியே வர வேண்டுமே என்று தொகாஷி நாற்பது நிமிடம் பனி வாரிக் கொட்டினார். மூன்று நாள் விளக்கு விளக்காக நீட்டிய கை அது. தோளில் பிடித்துக்கொண்டது, முழங்கை வழியாக மணிக்கட்டுவரை இழுத்தது. மிசுஎ கோபத்தை ஒத்திவைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்தாள். இந்த ஊரில் நாற்பதைத் தாண்டிய தோள் எதைத் திறந்து பார்த்தாலும் இருக்கும் அந்தக் காந்த வில்லைகள்: மிளகு அளவு காந்தம், அதன்மேல் வட்டமான பிளாஸ்திரி. ரத்த ஓட்டத்துக்கு நல்லது. தோளில் நான்கு ஒட்டினாள், முழங்கையில் ஒன்று, வலி போய் முடிகிற இடத்தில், மணிக்கட்டின்மேல், இரண்டு.

கடிகாரம் அப்போது அவர் கையில் இல்லை. கடைசி நேரம்வரை தின்னட்டும் என்று சாப்பாட்டு மேசை விளக்கின் கீழே வைத்திருந்தார். வண்டியிலும் அதை முட்டையைப்போல உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே போனார், ஓட்டியது மிசுஎ. எட்டேகாலுக்கு மேற்பார்வையாளர் நாற்பது பேரும் பெரிய கூடத்தில் கூடினார்கள். இசாவா தொலைபேசியில் நேரம் சொல்லும் எண்ணை ஒலிபெருக்கியில் போட்டார். நாற்பது தலைகள் குனிந்தன. பீப் ஒலியும் தொகாஷியின் முள்ளும் ஒன்றாக விழுந்தன. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. இசாவா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். முப்பத்தோரு வருடத்தில் அது மூன்றாவது தலையசைப்பு. தொகாஷி கடிகாரத்தைக் கையில் கட்டி, வாரை இறுக்கினார்.

மூன்றாம் எண் அறையில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு மேசையிலும் பென்சில்கள், அழிப்பான், ஒரு கைக்கடிகாரம், தேர்வு எண் அட்டை, கவிழ்த்துவைத்த வினாத்தாள். இருமினாலே மன்னிப்புக் கேட்கும் முகங்கள். பேராசிரியர் நராஒகா மேடையில் நின்றுகொண்டு பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துறை பழங்கால மண்பானைகள். இருநூறு வருடம் முன்பின் ஆனால் அதைப் பிழையென்றே எண்ணாத துறை. அவரிடம் இருந்தது தள்ளுபடித் தொட்டியிலிருந்து எடுத்த மலிவான வானொலிக் கடிகாரம். வாரைக் கட்டத் தெரியாமல், வாங்கிய நாளிலிருந்து தன் அறை ஜன்னலில் போட்டு வைத்திருந்தார். அந்த ஜன்னல் மலையின் பக்கம் பார்த்தது. கவனிப்பாரில்லாமல் கிடந்த கடிகாரம் பகலெல்லாம் கிடைத்த ஒளியைத் தின்று, இரவெல்லாம் அலை குடித்து, கொழுத்துப்போயிருந்தது.

ஒன்பதரைக்குத் தொடக்கம். ஒன்பது இருபத்தாறுக்கு விதிப்படி இருவரும் கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தொகாஷி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பேராசிரியரின் கடிகாரம் பதினேழு விநாடி முன்னால் இருந்தது.

இரண்டில் ஒன்று பொய். தலைமை அறைக்கு ஆள் விட நேரமில்லை. பதினேழு விநாடி தாமதமாகத் தொடங்கிப் பதினேழு விநாடி தாமதமாக முடித்தால் கணக்கு நேராகிவிடுமே என்று யாராவது சொல்லலாம். நாற்பத்தெட்டு மேசையில் நாற்பத்தெட்டுக் கடிகாரம் இருக்கிறது. அத்தனைக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். தாய்மாரிடம் பத்திரிகையின் தொலைபேசி எண் இருக்கிறது.

பேராசிரியர் அதிகம் கவலைப்படவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னோடது ஓடிப்போச்சு போல, தொகாஷி-சான். உங்களோடது சொன்னா சரிதான். நான் மாத்திக்கிறேன். இதுல எந்தப் பொத்தான்?"

அவர் உண்மையிலேயே கட்டைவிரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோய்விட்டார். தொகாஷி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அல்லது, இன்னும் சுலபம், இதுதான் பொத்தான் என்று காட்டினால் போதும். கூடத்தில் எல்லோர் முன்னாலும் பீப்போடு சேர்ந்து விழுந்த முள் அவருடையது. வியாழன் விடிகாலையே அலை வாங்கியது. ஒரு பானை ஆராய்ச்சிக்காரரின் தொட்டிக் கடிகாரத்துக்கு அது தலைவணங்குவதா? ஒன்பது இருபத்தேழு.

மனது கேட்காமல் தன் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். முள் விறுவிறுவென்று ஓடியது. 'கிடைத்தது' என்ற குறிக்கு முன்னாலேயே, 'கிடைத்தது' என்றும் சொல்லாமல் 'கிடைக்கவில்லை' என்றும் சொல்லாமல், ஒன்றும் எழுதாத வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நாற்பத்தோராம் பக்கம். அந்தப் பக்கம் தனக்குத் தேவைப்படாது என்றுதான் அதை ஒரே முறை படித்திருந்தார்: முள் இப்படி நின்றால் கடிகாரத்தின் உள்மனதுக்குச் சரியான நேரம் தெரியும், முட்களுக்குத் தெரியாது.

"சென்செய், மாத்தாதீங்க," என்று தொகாஷி பேராசிரியரைத் தடுத்தார்.

"ஏன்?"

முன்வரிசைப் பெண்ணொருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களோடதுதான் சரி. என்னோடது தப்பு."

நராஒகா தன் கடிகாரத்தை, அது தன்னுடையதுதானா என்பதுபோல, முதல் முறையாக உற்றுப் பார்த்தார். பிறகு அதைத் தொகாஷியின் கையில் கொடுத்துவிட்டார்.

"தொடங்குங்கள்" என்று தொகாஷி சொன்னபோது நாற்பத்தெட்டுத் தாள்கள் புரண்டன. மெல்லிய சுவருக்கு அப்பால் நான்காம் எண் அறையின் தாள்களும் அதே கணத்தில் புரண்டன, ஒரே காற்று இரண்டு அறையிலும் அடித்ததுபோல. தன் மணிக்கட்டில் ஒன்பதரைக்கு இன்னும் பதினேழு விநாடி இருந்தது. அது நடந்து தீர்வதை அவர் நின்று பார்த்தார். பிறகு ஓர் அறுபது நிமிடம் அவருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நடந்தால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு, நின்றால் அவருக்குத் தொந்தரவு. முடிவும் சரியாக விழுந்தது, நான்காம் எண் அறையோடு சேர்ந்தே.

சாயங்காலம் முதல் நாள் தேர்வெல்லாம் முடிந்த பிறகு, இசாவாவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து படிவம் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. யோசித்தபடி கடிகாரத்தைக் கழற்றினார். கடிகாரத்தின் முதுகு பதிந்த இடத்தில், நேர் கீழே, இரண்டு வட்டப் பிளாஸ்திரி. அவற்றுக்குள் இருந்த காந்தம் முட்களை இழுத்து இழுத்து நிறுத்தியிருக்கிறது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இசாவா கோட்டுக்கு மேலாகத் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் தோளிலும் ஐந்தாறு ஒட்டியிருந்திருக்கும். 'காந்தம், இரண்டு' என்று தொகாஷி எழுதினார்.

"நாளைக்குத் தகானோ-குன்னைப் போட்டுக்குங்க," என்றார், தலை நிமிராமல். முப்பத்தோரு வருடத்தில் சேர்த்ததை ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டார்.

இசாவா பட்டியலை எடுத்தார். ஓரத்தில் இருந்த பென்சில் பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"ஆளை மாத்தணும்னா மூணு படிவம். காரணம் எழுதணும். காரணம் எழுதினா அது மேல போகும். மேல போனா யாராவது குனியணும்." அழிப்பானை எடுத்துத் தகானோவைத் தேய்த்தார். "சரியா தொடங்கியிருக்கு, சரியா முடிஞ்சிருக்கு. சென்செயோட கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு எட்டேகாலுக்கு வந்துடுங்க. நீங்க இதுல ஒண்ணு மட்டும் சரி பண்ணணும். பிழையைக் கவனிச்ச நேரம், ஒன்பது இருபத்தாறு பத்து விநாடின்னு எழுதியிருக்கீங்க. எந்தக் கடிகாரப்படி?"

தன் கடிகாரப்படி எழுதியிருப்பது தொகாஷிக்கு அப்போதுதான் புரிந்தது. அடித்துவிட்டு, பதினேழைக் கூட்டி, இருபத்தேழு விநாடி என்று எழுதினார். பிறகு அந்த இருபத்தேழும் அவரை உறுத்தியது. முள் நின்று நின்றுதானே ஓடியிருக்கிறது. பார்த்த அந்தக் கணத்தில் பதினேழுதான் என்பதற்கு என்ன சாட்சி? பதினாறாகவும் இருந்திருக்கலாம். காலை ஆட்டிக்கொண்டு, பேனாவை மூடித் திறந்து, மறுபடியும் அடித்தார். புதிய தாள் கேட்டார். அதில் ஒவ்வொரு எழுத்தாக, தன் வாழ்நாளில் எந்த அலுவலகக் காகிதத்திலும் எழுதியிராத ஒரு சொல்லை எழுதினார்: 'சுமார் ஒன்பது மணி இருபத்தாறு நிமிடம்.'

இசாவா இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தார். அதைச் சிவப்பு மையில் தோய்த்துக் கட்டத்துக்குள் வைத்து அழுத்தினார். மை காயும்வரை இருவரும் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.